வாசல் வேம்பும் வடக்குச் சதுப்பும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் மொட்டைமாடியில் பேசியது. வர முடியாதவர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறேன்.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது 15எச் படிவம், நாமினேஷன், சீனியர் சிட்டிசன் வட்டி என்று ஏதாவது சொல்வேன் என்றுதான் நினைத்திருப்பார். வங்கிக் கவுண்டரிலேயே காலத்தைக் கழித்த ஒரு கிளார்க்கிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்றைக்குச் செடிகளைக் கேமராவும் செயற்கைக்கோளும் வைத்துக் கண்காணிக்கிற கதை. கடைசியில் நம் வாசல் வேப்பமரத்துக்குத்தான் வந்து நிற்கப் போகிறேன். அதனால் யாரும் பாதியில் எழுந்து போக வேண்டாம்.

வேப்பமர விவகாரம் உங்களுக்குத் தெரியும். கேட்டை ஒட்டி இரண்டு வேம்பு. போன தடவை இரண்டும் வாடி, கிளை நுனியெல்லாம் பழுப்பாகி, பார்க்கவே பயமாக இருந்தது. "பட்டுப் போச்சு, யார் கார் மேலேயாவது விழுவதற்குள் வெட்டிவிடலாம்" என்று ஒரு கட்சி. "வருஷா வருஷம் இப்படித்தான் உதிரும், அப்புறம் துளிர்க்கும்" என்று இன்னொரு கட்சி. பிறகு துளிர்த்தது. ஒரு மரம் முழுசாக, இன்னொன்று முக்கால்வாசி. வெட்டுவதா வேண்டாமா என்பதை அடுத்த பொதுக்குழுவில் முடிவு செய்வதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறோம்.

இரண்டு கட்சி பேசுவதையும் நான் உட்கார்ந்து கேட்டேன். ஒருவரிடமும் தேதி இல்லை. நுனி கருகியது கார்த்திகையிலா, தையிலா என்று கேட்டால் ஆளுக்கொரு மாதம் சொல்கிறார்கள். வவுச்சர் இல்லாமல் பணம் கேட்கிற மாதிரி இது. ஆனால் மரத்தின் உயிர் அந்த ஒரு தேதியில்தான் இருக்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இதே மாதிரி, 'போன வருஷம் எப்படி இருந்தது, இந்த வருஷம் எப்படி' என்ற கேள்வியைப் பெரிய அளவில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வடக்கு நாடுகளின் சதுப்பு நிலங்களில் இருக்கிறார்கள். அங்கே கொஞ்சம் போய் வருவோம்.

மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் கோகோபீட் வாங்குகிறீர்கள். தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூள்தான் அது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. கோகோ என்றால் தேங்காய். பீட் என்றால்? ஐரோப்பாவில் தோட்டக்காரர்கள் காலங்காலமாகத் தொட்டியில் போட்டு வந்த ஒரு பொருள். அதற்கு மாற்றாகத்தான் நம் தேங்காய்த் தூள் போகிறது.

பீட்டை மண் என்றுகூடச் சொல்ல முடியாது. குளிர்ந்த, தண்ணீர் வடியாத நிலத்தில் பாசியும் கோரையும் வளர்ந்து, செத்து, தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். காற்று புகாது, குளிர் வேறு, தண்ணீரும் புளிப்பு. மட்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு அங்கே வேலை ஓடாது. அதனால் பாதி மட்கியும் மட்காமலும் அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தாலே அதிகம். கனடா, ரஷ்யா, ஸ்வீடன், பின்லாந்து எல்லாம் இதற்குப் பேர்போன இடங்கள். பின்லாந்தின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான்.

வங்கிக்காரன் புத்தியில் சொன்னால் இது ஃபிக்ஸட் டெபாசிட். செடி காற்றிலிருந்து எடுத்த கரியை, பத்தாயிரம் வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வைத்திருக்கிற டெபாசிட். உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் 3 சதவீதம்தான். ஆனால் உலகத்துக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கரி இந்த 3 சதவீதத்துக்குள் இருக்கிறது. தண்ணீர் வற்றினாலோ, சூடு ஏறினாலோ நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். டெபாசிட்டை முறித்து எடுத்த கதையாக, உள்ளே கிடந்த கரி, கரியமில வாயுவாகவும் மீத்தேனாகவும் வெளியே வரும். அது நம் ஊர் வெயிலிலும் வந்து சேரும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை மாதத்தில் திருத்தணியில் குடியிருக்கிறோம்.

நம் மாநிலத்திலும் பீட் உண்டு. நீலகிரியில், சோலைக் காடுகளுக்கும் புல்வெளிக்கும் நடுவே பள்ளங்களில் கறுப்பாகச் சொதசொதவென்று இருக்குமே, அதுதான். ஊட்டிக்குப் பக்கத்தில் எடுத்த பீட் அடுக்குகளை ஆராய்ந்து, 20,000 வருஷத்துப் பருவநிலையைப் பேராசிரியர் சுகுமாரும் அவருடன் இருந்தவர்களும் 1993-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். எந்தக் காலத்தில் புல் அதிகம், எந்தக் காலத்தில் மரம் அதிகம் என்று அந்தச் சேற்றிலிருந்தே படித்துவிட்டார்கள். தள்ளுபடி ஆகாத பழைய லெட்ஜர். ஊட்டிக்குப் போனால் போட் ஹவுஸோடு திரும்பிவிடுகிறோம்.

சரி, கேமராவுக்கு வருவோம்.

ஒரு செடி எப்போது துளிர்த்தது, எப்போது பூத்தது, எப்போது பழுத்தது என்று தேதி போட்டுக் குறிப்பது பழைய பழக்கம். ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் செர்ரி பூத்த தேதி 9-ஆம் நூற்றாண்டிலிருந்து நாட்குறிப்புகளில் கிடைக்கிறது. 2021-ல் மார்ச் 26-ஆம் தேதியே முழுசாகப் பூத்தது. 1,200 வருஷக் குறிப்பில் அதுதான் மிக முந்திய தேதிகளில் ஒன்று. எழுதி வைத்திருந்ததால் சொல்ல முடிந்தது.

விஞ்ஞானிகள் தேதியை மாதக் கணக்கில் எழுதுவதில்லை. ஜனவரி 1-ஐ முதல் நாள் என்று வைத்து 365 வரைக்கும் எண்ணுகிறார்கள். திருத்தணிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மலைக்கு 365 படி, வருஷத்துக்கு ஒரு சுற்று. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் ஏற்றுகிறோம். அந்தக் கணக்கில் சித்திரை முதல் நாள் 104-ஆவது படி. நம்மில் பாதிப் பேர் வீட்டில் தமிழ், பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. யுகாதிக்கும் வேப்பம்பூ வேண்டும், சித்திரைக்கும் வேண்டும். சித்திரை 104-ஆவது படியை ஒட்டியே நிற்கும். யுகாதி மாறும்: 2023-ல் மார்ச் 22, 81-ஆவது படி, 2024-ல் ஏப்ரல் 9, அது 100-ஆவது படி, 2025-ல் மார்ச் 30, 89-ஆவது படி. வேம்பு பஞ்சாங்கம் பார்த்துப் பூப்பதில்லை. யுகாதி சீக்கிரம் வந்த வருஷம் 'பூவே கிடைக்கல' என்று வீட்டில் புலம்புவார்கள். 'இந்த வருஷம் வேம்பு லேட்' என்று ஒருவர் சொன்னால், வேம்பு லேட்டா, யுகாதி சீக்கிரமா என்று முதலில் கேட்க வேண்டும். படி எண் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

மனிதக் கண்ணால் தினமும் போய்ப் பார்த்து எழுதுவது நல்லதுதான். ஆனால் பனி பெய்கிற சதுப்புக்குள் யார் தினமும் போவது? 2008-ல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ரிச்சர்ட்சன் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ஃபீனோகேம் என்று ஒரு கேமரா வலைப்பின்னலைத் தொடங்கினார்கள். அதிசயக் கேமரா ஒன்றுமில்லை, நம் கேட்டில் மாட்டியிருக்கிற சிசிடிவி ஜாதிதான். கம்பத்தில் மாட்டி, வெயில் நேராக விழாமல் வடக்குப் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அரை மணிக்கு ஒரு படம். அதே இடம், அதே கோணம், வருஷக் கணக்கில். படத்தை அழகாக்குகிற தானியங்கி நிறச் சமன்பாட்டை மட்டும் கண்டிப்பாக அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த இலையையும் கேமரா பச்சையாக்கிக் காட்டும்.

படத்திலிருந்து பசுமையை எப்படி எண்ணாக்குவது? இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். சிவப்பு 90, பச்சை 110, நீலம் 75 என்று வையுங்கள். கூட்டினால் 275. அதில் பச்சையின் பங்கு 110-ஐ 275-ஆல் வகுக்க, 0.40. மறுநாள் மேகமூட்டம், வெளிச்சம் பாதி. மூன்று எண்ணும் பாதியாகும். ஆனாலும் பங்கு அதே 0.40. மொத்தம் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது. கூட்டுவட்டி போடத் தெரிந்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. இந்த எண் நாளுக்கு நாள் ஏறுகிற இடம் துளிர்க்கிற காலம், இறங்குகிற இடம் பழுக்கிற காலம்.

கேமரா ஒரு மூலையைத்தான் பார்க்கும். கனடாவும் சைபீரியாவும் முழுக்க யார் கம்பம் நடுவது? அதற்குச் செயற்கைக்கோள். 1972-லிருந்து அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசை பூமியைப் படமெடுக்கிறது. 1988-ல் நம் ஐஆர்எஸ்-1ஏ போனது. 2015-லும் 2017-லும் ஐரோப்பா அனுப்பிய சென்டினல்-2 இரட்டையர் சேர்ந்து ஐந்து நாளைக்கு ஒரு தடவை ஒரே இடத்தைப் பார்த்து வந்தார்கள். செடி, சிவப்பு வெளிச்சத்தை விழுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பக்கத்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். திரும்பி வருவது 50-க்கு 10 என்று இருந்தால் தழைத்த செடி, 30-க்கு 20 என்றால் வாடிய நிலம். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டலால் வகுத்தால் முதலாவதற்கு 0.67, இரண்டாவதற்கு 0.2. என்டிவிஐ என்று பேப்பரில் போடுகிறார்களே, அது இவ்வளவுதான்.

சென்டினல் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். சதுர அடியில் 1,076. நம் டூ பெட்ரூம் ஃபிளாட் ஒன்றின் அளவு! உங்கள் ஃபிளாட்டில் பெட்ரூம், சமையலறை, பால்கனித் துளசி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நிறமாகச் சொல்லச் சொன்னால் என்ன சொல்வீர்கள்? சதுப்பில் இதே பாடு. ஒரு மேடு, அதில் புதர். பக்கத்தில் ஒரு பள்ளம், அதில் தண்ணீரும் பாசியும். எல்லாம் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். பாசி நனைந்தால் ஒரு நிறம், காய்ந்தால் வெளிறிவிடும், உயிரோடு இருந்தாலும்கூட. இன்னொன்று இருக்கிறது: வசந்தத்தில் பனி உருகும்போது செயற்கைக்கோள் எண் சட்டென்று எகிறும். வெள்ளை போய்த் தரை தெரிந்ததுதான் காரணம், ஒரு இலைகூடத் துளிர்த்திருக்காது. கீழே கேமரா இருந்தால் அது பனி உருகல் என்று உடனே தெரியும். இல்லாவிட்டால் வசந்தம் சீக்கிரம் வந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். ஹெட் ஆபீஸ் ஸ்டேட்மென்டும் கிளை லெட்ஜரும் டேலி ஆக வேண்டும் என்று நாங்கள் ராத்திரி எட்டு மணி வரை மல்லுக்கட்டியது இதற்குத்தான்.

பின்லாந்தின் வடக்கில் இரண்டு இடங்களில் அந்த நாட்டு வானிலைத் துறையினர் கேமரா வைத்துப் பார்த்தார்கள். ஒன்று சோடன்கிலாவில் பைன் காடு, இன்னொன்று லொம்போலோயான்க்கா என்ற திறந்த சதுப்பு. பெயரை நான் சரியாக உச்சரிக்கிறேனா என்று கேட்காதீர்கள். கேமராவின் பச்சை எண்ணையும், செடிகள் காற்றிலிருந்து எவ்வளவு கரியமில வாயு இழுக்கின்றன என்ற அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சதுப்பில் இரண்டும் நன்றாக ஒத்துப் போயின. கோரை துளிர்க்கத் துளிர்க்க இழுப்பும் கூடியது. பைன் காட்டில் அவ்வளவு ஒத்துப் போகவில்லை. பைன் குளிர்காலத்திலும் பச்சையாகத்தான் நிற்கும், ஆனால் வேலை செய்யாது. அட்டெண்டன்ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இனி வருவதுதான் இதில் முக்கியமான கதை.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடக்கே மார்செல் என்ற ஆராய்ச்சிக் காட்டுக்குள் ஒரு பீட் சதுப்பு இருக்கிறது. பீட்டின் ஆழம் 2, 3 மீட்டர். மேலே ஸ்ஃபேக்னம் என்ற பாசி மெத்தை, நடுநடுவே ஸ்ப்ரூஸ் மரமும் லார்ச் மரமும். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தினர் அங்கே கூரையில்லாத பத்துக் கூடாரங்களைக் கட்டினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 12 மீட்டர் அகலம். ஸ்ப்ரூஸ் என்றே அந்தச் சோதனைக்குப் பெயர். சதுப்பில் கால் வைத்து மிதிக்கக் கூடாது என்று பலகைப் பாலம் போட்டு நடக்கிறார்கள். 2014-ல் அடியிலிருக்கும் பீட்டையும், 2015 ஆகஸ்டில் மேலே காற்றையும் சூடாக்கத் தொடங்கினார்கள். இரண்டு கூடாரத்துக்குக் கூடுதல் சூடு இல்லை. மற்றவற்றில் இரண்டிரண்டாக 2.25 டிகிரி, 4.5, 6.75, 9 டிகிரி என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். பாதிக் கூடாரங்களில் கரியமில வாயுவையும் கூட்டினார்கள். நாளைக்கு உலகம் இவ்வளவு சூடானால் என்ன ஆகும் என்பதை இன்றைக்கே பார்ப்பதுதான் நோக்கம். ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரு கேமரா.

கேமரா என்ன சொன்னது? சூடு ஏற ஏற வசந்தத்தில் பசுமை சீக்கிரம் வந்தது, இலையுதிர் காலத்தில் தாமதமாகப் போனது. பசுமை நிற்கும் நாட்கள் கூடின. சூடு அதிகமான கூடாரத்தில் அதிக நாட்கள். 2018-ல் ரிச்சர்ட்சன் குழு இதை நேச்சர் இதழில் எழுதியது.

இங்கே நிறுத்தினால் நம்மில் பலர் 'அப்போ நல்லதுதானே' என்போம். பசுமை நாள் கூடினால் டெபாசிட்டும் கூடுமே?

இரண்டு விஷயம் நடந்தது. முதலாவது, 2016 ஏப்ரல். சூட்டை நம்பிச் செடிகள் சீக்கிரமே குளிர்ப் பாதுகாப்பைக் களைந்துவிட்டுத் துளிர்க்கத் தொடங்கிவிட்டன. திடீரென்று ஒரு கடும் உறைபனி. அதிகம் சூடாக்கிய கூடாரங்களில் இளம் துளிர் கருகியது. சூடு ஏற்றாதவற்றில் செடிகள் இன்னும் போர்வையை எடுக்கவில்லை, தப்பித்தன. நம் பக்கத்தில் மாம்பூ கொத்துக் கொத்தாக வந்த பிறகு பருவம் தப்பிய மழை அடித்தால் என்ன ஆகிறது என்று சித்தூர்த் தோட்டக்காரர்களைக் கேளுங்கள்.

இரண்டாவது இன்னும் பெரிசு. கேமரா பசுமையைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொரு குழு 2020-ல் கரியின் வரவு செலவைக் கணக்குப் பார்த்தது. சூடாக்கிய கூடாரங்களில் செலவு அதிகம். அந்தச் சதுப்பு ஆயிரக்கணக்கான வருஷம் சேர்த்த வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் கரி வெளியேறிக்கொண்டிருந்தது. பீட்டைச் சேர்க்கிற ஆளே ஸ்ஃபேக்னம் பாசிதான். அது சூட்டில் காய்ந்து செத்துக் குறைந்தது. புதர்கள் தழைத்தன. மேலிருந்து பார்த்தால் பச்சை, கீழே இருப்பு கரைகிறது.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய கரண்ட் அக்கவுண்ட்கள் சில ஞாபகம் வந்தன. தினமும் லட்சக்கணக்கில் வரும், போகும். பாஸ்புக் பக்கம் பக்கமாக நிரம்பும். பார்ப்பவர்கள் பெரிய வியாபாரம் என்பார்கள். கடைசி வரியில் பேலன்ஸைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பசுமை என்பது வரவு செலவின் வேகம். இருப்பு எவ்வளவு என்பதை வேறு கணக்கில்தான் பார்க்க வேண்டும். கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த நாளில் என்ன நடந்தது என்று சொல்ல அதைவிட்டால் ஆளில்லை. ஏப்ரல் உறைபனியைப் பிடித்ததே கேமராதான். ஆனால் அது மட்டுமே போதும் என்று நினைத்திருந்தால் அந்தச் சதுப்பு செழிக்கிறது என்று எழுதியிருப்பார்கள்.

இதில் உங்கள் பணமும் இருக்கிறது. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, திருவாலங்காடு பக்கம் இங்கே பலருக்கு நிலம் உண்டு, அண்ணன் தம்பி பயிர் வைக்கிறார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2023 காரிஃப் பருவத்திலிருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் விளைச்சலைக் கணக்கிட, செயற்கைக்கோள் போன்ற தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கு 30 சதவீத எடை தரும் முறையை மத்திய அரசு கொண்டுவந்தது. மீதி, வயலில் இறங்கி அளவெடுத்து அறுத்து எடை போடுகிற பயிர் அறுவடைப் பரிசோதனை. வயலில் பச்சையாக நின்ற நெல், பூக்கிற சமயம் மழையில் மாட்டிப் பதராகிப் போவதை விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டாம். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது நல்ல பயிர். ஏரிக்குள் முளைத்த சீமைக்கருவேலமும் அதற்குப் பச்சைதான். நான் செயற்கைக்கோளுக்கு எதிரி இல்லை. முன்பெல்லாம் ஒரு சிட்டா அடங்கலுக்காக எத்தனை பேர் எத்தனை நாள் அலைந்தார்கள் என்று கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவன். ஆனால் அறுவடைப் பரிசோதனைக்கு ஆள் வருகிற நாளில் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் வரப்பில் நிற்கட்டும். பயிரைத் தேதியோடு நாலு தடவை போனில் படமெடுத்து வைத்திருக்கட்டும். விதைத்ததும், தழைத்ததும், பூக்கும்போதும், அறுப்பதற்கு முன்னும். மேலே உள்ள கணக்கோடு சண்டை போட வேண்டி வந்தால் கீழே உள்ள கணக்கு கையில் இருக்க வேண்டாமா?

இப்போது வேப்பமரம்.

தேதியில்தான் உயிர் இருக்கிறது என்றேன். வேம்பு தை, மாசியில் இலை பழுத்து உதிர்வது இயற்கை. மரம் முழுக்க மஞ்சளாகி, உதிர்ந்து, உடனே செம்பழுப்பாகத் துளிர் வரும். அது ஒன்று. நுனிக்கருகல் நோய் என்பது வேறு. அது பூஞ்சையால் வருவது, தேயிலைக் கொசு என்கிற பூச்சியும் சேர்ந்துகொள்ளும். 2021-ல் தெலங்கானாவில் ஊர் ஊராக வேம்பு கருகியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இந்த நோய் மழைக்காலத்தில் தொடங்கி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் முற்றும். இலை மஞ்சளாகி உதிராது. கிளையின் நுனி பழுப்பாகிக் காய்ந்து அப்படியே தொங்கும். அப்படிக் கருகிய மரங்களிலும் பல மறுபடி துளிர்த்தன. நோய்தான் என்றாலும் கருகிய நுனிகளை வெட்டி அப்புறப்படுத்தி, தோட்டக்கலைத் துறையைக் கேட்டுப் பூஞ்சைக்கொல்லி அடிப்பதுதான் வழி. மரத்தையே வெட்டுவது கடைசி.

ஆக நம் இரண்டு கட்சிக்கும் நடுவில் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: கார்த்திகையில் நுனி கருகியதா, தையில் இலை பழுத்து உதிர்ந்ததா? முதலாவது என்றால் மருந்து. இரண்டாவது என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம். இதைச் சொல்ல நம் சங்கத்தில் ஒரு படம் இல்லை. செல்ஃபி ஆயிரம் இருக்கும். இரண்டு மூன்று பேர் போனில் தேடியதில் மரம் பின்னால் மங்கலாகத் தெரிகிற ஒரு பிறந்தநாள் படம் கிடைத்தது. அதிலும் பலூன்தான் தெளிவாக இருக்கிறது. சிசிடிவி பதிவு பதினைந்து நாளில் அழிந்துவிடும்.

அதனால் என் வேண்டுகோள் இது. பொதுக்குழு முடிவை ஒரு முழு வருஷம் தள்ளி வையுங்கள். அதுவரை வாரத்துக்கு ஒரு படம் எடுப்போம். கார் மேல் விழும் என்று பயப்படுபவர்களின் பயமும் நியாயம்தான். காய்ந்த கிளையை இப்போதே கழித்துவிடலாம், அதற்கு நான் கை தூக்குகிறேன். அடிமரத்தில் மட்டும் ஒரு வருஷம் கை வைக்க வேண்டாம்.

பி பிளாக் படிக்கட்டுக்கு முன்னால் தரையில் மஞ்சள் பெயிண்டில் இரண்டு கால்தடம் வரையச் சொல்லியிருக்கிறேன். அங்கே நின்று, மோட்டார் ரூம் சுவரின் மூலை படத்தின் இடது ஓரத்தில் வருகிற மாதிரி எடுத்தால் கோணம் மாறாது. ஞாயிறு காலை ஒன்பது மணி. ஃபில்டர் கூடாது, ஜூம் கூடாது, போனில் படத்தை மெருகேற்றும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். படத்தோடு ஒரு வரி: இலை துளிர், முற்றல், பழுப்பு இதில் எது, பூ உண்டா, காய் உண்டா, நுனி கருகல் எத்தனை கிளையில். பெரிய கோடு போட்ட நோட்டு ஒன்று செக்யூரிட்டி மேஜையில் இருக்கும். வாட்ஸ்அப்பில் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போடுங்கள், ஆனால் குட்மார்னிங் பூக்களுக்கு நடுவில் அது காணாமல் போய்விடும். நோட்டிலும் எழுதுங்கள். தேதிக்குப் பக்கத்தில் படி எண்ணையும் எழுதினால் எனக்குச் சந்தோஷம். காலண்டரின் பின்பக்கம் 365 நாளின் எண் அட்டவணையை ஒட்டி வைக்கிறேன்.

எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் இதை இன்னும் ஒழுங்காகச் செய்வார்கள். சீசன்வாட்ச் என்று நாடு முழுக்க மரங்களை வாரா வாரம் பார்த்து எழுதுகிற ஒரு திட்டம் இருக்கிறது. வேம்பு, மா, புளி, கொன்றை எல்லாம் அவர்கள் பட்டியலில் உண்டு. கேரளப் பள்ளிப் பிள்ளைகள்தான் அதில் அதிகம் எழுதுகிறார்கள். விஷுவுக்கு வெகு முன்னாலேயே பூத்துவிட்ட கொன்றைகள் அந்தப் பதிவேட்டில் இருக்கின்றன. நம் இரண்டு வேம்பையும் அதில் சேர்க்கலாம், காசு கிடையாது. இணையத்தில் பதிவு செய்கிற வேலையை சி பிளாக் பிள்ளைகள் இருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு காலாண்டு மடலிலும் அந்த மூன்று மாதப் படங்களில் நான்கைச் சேர்த்துப் போட ஆசிரியர் சம்மதித்திருக்கிறார். இடம் போதாவிட்டால் சமையல் குறிப்பைக் குறைப்பதாகச் சொன்னார்; அது வேண்டாம், என் வீட்டிலேயே சண்டை வரும்.

ஊருக்குப் போகிற வாரங்களுக்கு மாற்று ஆள் வேண்டும். இப்போதைக்கு நான், ஏ பிளாக்கில் ஒருவர், அந்த இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர். இன்னும் இரண்டு பேர் கிடைத்தால் ஆடிக் கிருத்திகை, தீபாவளி, பொங்கல் எல்லாம் சமாளித்துவிடலாம். முதல் படம் வரும் ஞாயிறு. மரத்துக்கு நேராக வண்டி நிறுத்துபவர்கள் அன்றைக்கு மட்டும் ஒன்பது மணிக்குள் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் நல்லது, கீழ்க் கிளைகள் படத்தில் மறைகின்றன.